அட்லாண்டிக் அலாரம்

ஜனவரி 27, செவ்வாய்

நாளைக்குப் பாளையங்கோட்டையில் நாத்தனாரின் புது வீட்டுப் பால்காய்ப்பு. இந்த வாரம் பார்த்து எனக்கு டியூட்டி. "டியூட்டி வாரத்துல ஊருக்குப் போறீங்களா மேடம்?" என்று ஆபீஸில் இரண்டு பேர் இழுத்தார்கள். போகக்கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது?

என்ன பெரிய டியூட்டி. எங்கள் விண்வெளித் தொலைநோக்கி 'அகல்' அது பாட்டுக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கிறது. எங்கோ ஒரு நட்சத்திரம் செத்துக் காமாக் கதிராக வெடித்தால் அது அலாரம் அடிக்கும். மொபைலுக்குச் செய்தி வரும், கூடவே ஒரு சின்ன வரைபடம். பார்த்துவிட்டு, உண்மை என்றால் ஒன்று, இரைச்சல் என்றால் இரண்டு அமுக்க வேண்டும். இதைக் கோயம்புத்தூரில் இருந்து அமுக்கினால் என்ன, பாளையங்கோட்டையில் இருந்து அமுக்கினால் என்ன? இரண்டாவது ஆளாக ஆராய்ச்சி மாணவி பெனிட்டா ஆய்வகத்திலேயே இருக்கிறாள். நான் அமுக்கியதை அவளும் பார்த்து அமுக்கினால்தான் செல்லும்.

அதிலும் வருகிற அலாரத்தில் பாதிக்கு மேல் அட்லாண்டிக் அலாரம். தென் அட்லாண்டிக்குக்கு மேலே பூமியின் காந்த வேலி தாழ்ந்து கிடக்கிறது. அந்த எல்லையைத் தொட்டதும் துகள்கள் வந்து மோத, அகல் பதறிப்போய்க் கூப்பாடு போடும். செய்தியிலேயே 'அட்லாண்டிக்' என்று போட்டு வரும். அதையெல்லாம் திறந்து பார்த்து யாரும் நேரத்தைப் பாழாக்குவதில்லை, எங்கள் குழுத் தலைவர் அருணகிரி சார் உட்பட. கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் பார்க்கிற எங்கள் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியும். என் போன் அலறினால், "அட்லாண்டிக்கா? ரெண்டை அமுக்கிட்டு வேலையப் பாருளா" என்பார்.

பட்டுப் புடவைக்கு ஃபால்ஸ் தைத்து வாங்கியாயிற்று. குத்துவிளக்கு வாங்கவில்லை, ஊரில் போய்த்தான் வாங்க வேண்டும்.

ஜனவரி 28, புதன்

பால்காய்ப்பு நல்லபடியாக முடிந்தது. ஹோமப் புகையில் கண் எரிச்சல் இன்னும் போகவில்லை. மூத்த மருமகள் என்று என்னை அடுப்பு முன்னால் நிறுத்திவிட்டார்கள். அரக்குப் பட்டு, இரண்டு கையிலும் கரித்துணி, பால் பொங்கப் பொங்கச் சுற்றிலும் குலவை. நாத்தனார் அழுதேவிட்டாள். பாவம், வீட்டுக்காக எவ்வளவு அலைந்தாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு அலாரம். அட்லாண்டிக். பார்த்து, இரைச்சல் என்று பதில் போயாயிற்று. பெனிட்டாவும் உறுதி செய்துவிட்டாள்.

மத்தியானம் சொதிச் சாப்பாடு. இஞ்சித் துவையல் பிரமாதம்.

ஜனவரி 29, வியாழன்

ஊரிலிருந்து வந்து இறங்கினதும் தலையில் இடி. வேறொரு நாட்டுத் தொலைநோக்கி நேற்றுக் காலை ஒரு வெடிப்பைப் பிடித்திருக்கிறது. இத்தனை பிரகாசமாக ஒன்று வந்து வருஷக் கணக்காகிறதாம். நேரத்தைப் பார்த்தேன். பால் பொங்கிய நேரம்.

அகல் அப்போது அட்லாண்டிக் எல்லையில்தான் இருந்தது. ஆனால் வெடிப்பு அதன் முகத்துக்கு நேரே வந்திருக்கிறது. எங்களுக்குக் கிடைத்த அளவு வேறு யாருக்கும் கிடைத்திருக்காது.

விண்கலத்துக்குக் கட்டளை அனுப்புகிற லியாகத் அலியைக் கூப்பிட்டேன். அகலின் நினைவகம் சின்னது. உண்மை என்று சொன்னால் வந்து விழுந்த ஒவ்வொரு கதிரின் விவரத்தையும் பூட்டி வைக்கும். இரைச்சல் என்றால் அந்த இடத்தில் அடுத்ததை எழுதிவிடும். "இன்னும் மேல எழுதாம இருக்கலாமுங்க மேடம். அடுத்த சுத்துல கேட்டுப் பாக்கறேன், கொஞ்சம் பொறுங்க" என்றார்.

சாமி, எழுதாமல் இருக்கட்டும். எனக்காக இல்லை. பெனிட்டாவுக்காக.

ஜனவரி 30, வெள்ளி

போச்சு. "மேல எழுதிருச்சுங்க மேடம். அந்த வெத்து வரைபடம் மட்டுந்தான் மிச்சம்" என்றார் லியாகத். அவர் குரலில் குற்றம் சொல்கிற தொனியே இல்லை. இருந்திருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

பெனிட்டாவின் ஆராய்ச்சியே இதுதான். வெடிப்பிலிருந்து வருகிற கதிர் ஒரே பக்கமாக ஆடிக்கொண்டு வருகிறதா, கண்டபடி ஆடி வருகிறதா என்று பார்க்க வேண்டும். அது தெரிந்தால், சாகிற நட்சத்திரம் எப்படி அந்த வெளிச்சத்தைப் பீய்ச்சுகிறது என்று சொல்லிவிடலாம். அதற்கு ஏராளமான கதிர்கள் வேண்டும். நாலரை வருஷமாக வந்ததெல்லாம் நோஞ்சான் வெடிப்புகள். "ஒண்ணே ஒண்ணு உருப்படியா வந்தாப் போதும்க்கா" என்று தூத்துக்குடிக்காரி வாரம் ஒரு தடவையாவது சொல்வாள். வந்தது.

கேன்டீனில் எதிரே வந்து உட்கார்ந்தாள். கண் வீங்கியிருந்தது. திட்டப்போகிறாள் என்று டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"என்னை மன்னிச்சிருங்கக்கா" என்றாள்.

"நீ எதுக்குளா?"

"நான் திறந்து பாத்தேன்க்கா. ஏத்தம் செங்குத்தா இருந்துச்சு. துகள்னா மெதுவாத்தானே ஏறும்? வெடிப்பு மாதிரில்லா இருக்குன்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. ஆனா நீங்க ரெண்டு போட்டிருந்தீங்க. அக்கா பாத்தாப் பாத்ததுதான், நமக்குத்தான் ஒண்ணும் தெரியலன்னு நானும் ரெண்டு போட்டுட்டேன். ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கணும்."

நான் டீயைக் குடித்து முடித்தேன். அவள் தன் டம்ளரை எடுத்துக்கொண்டு போய் வைத்தாள், என்னுடையதையும் சேர்த்து.

பிப்ரவரி 1, ஞாயிறு

துணி துவைத்தேன். மாவரைத்தேன். தோசை தீய்ந்ததற்கு இவரிடம் எரிந்து விழுந்தேன். தோசையைச் சுட்டது நான்.

பிப்ரவரி 2, திங்கள்

அருணகிரி சார் அறையில் விசாரணை. விசாரணை என்று சொல்லக்கூடாது, காபி கொடுத்தார். "போன்லயா பாத்தீங்க, வடிவு?" என்றார். ஆமாம் என்றேன். "விசேஷ வீட்டுல, அந்தச் சின்னத் திரையில என்ன தெரியும்? அதுவும் அட்லாண்டிக். விட்டுத் தள்ளுங்க. ரெண்டு பேர் பாத்தும் பிடிபடலைன்னா அது யார் தப்பும் இல்ல" என்றார்.

போனில்தான் வந்தது. திரை சின்னதுதான். இதில் பொய் எங்கே இருக்கிறது?

கண்ணாடியும் போட்டிருக்கவில்லை. புகை வேறு. அதையும் சொல்லியிருக்கலாம்.

பிப்ரவரி 4, புதன்

இன்றைக்கு நான் செய்ததை எழுதவே கை கூசுகிறது.

பெனிட்டா அந்த வரைபடத்தைப் பெரிதாக அச்செடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள். "எனக்குச் சொல்லிக் குடுங்கக்கா. நீங்க இதை இரைச்சல்னு எதை வச்சு முடிவு பண்ணுனீங்க? நான் கத்துக்கிடணும்" என்றாள். கிண்டல் இல்லை. நோட்டும் பேனாவுமாக வந்திருந்தாள்.

அப்போதுதான் அந்தப் படத்தை நான் ஒழுங்காகப் பார்த்தேன். செங்குத்தான ஏற்றம். அப்புறம் மடமடவென்று முள் முள்ளாக இறங்கி, நீளமாக ஒரு வால். ஐயோ, எவ்வளவு அழகான வெடிப்பு. பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும்.

அந்த இடத்தில், "தெரியலை, தப்பு பண்ணிட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். வாய் வேறு மாதிரிப் போய்விட்டது. இருபது வருஷம் இதைப் பார்த்தவள் என்கிற திமிர். எழுந்து போர்டுக்குப் போனேன். "இங்க பாரு, ஏத்தத்துக்கு முந்தி அடித்தளம், இந்தக் கீழ்க்கோடு, சாஞ்சிருக்கு, தெரியுதா? அடித்தளம் சாஞ்சிருந்தா டிடெக்டர் ஏற்கெனவே துகள்ல நனைஞ்சிட்டுன்னு அர்த்தம். அப்படியிருந்தா ஏத்தம் எவ்வளவு செங்குத்தா இருந்தாலும் நம்பக்கூடாது. இந்தத் தடவை வெடிப்பும் சேர்ந்து வந்துட்டு, அது நம்ம கெட்ட நேரம். ஆனா விதின்னா அதுதான்" என்று படம் போட்டே விளக்கினேன். என் பேச்சை நானே கேட்டுக்கொண்டிருந்தேன். அவ்வளவு தெளிவாக இருந்தது.

அட்லாண்டிக் எல்லையில் அடித்தளம் எப்போதும் சாய்ந்துதான் இருக்கும். வீட்டுக்குள்ளே வெயில் வந்தால் சுவர் வெளுப்பாகத் தெரிவது மாதிரி. அது ஒரு விதியே இல்லை.

அவள் எழுதிக்கொண்டாள். "இதைக்கூடப் பாக்கத் தெரியாமத்தான் நாலரை வருஷம் இருந்திருக்கேன்" என்றாள். போகும்போது தேங்க்ஸ் சொன்னாள்.

பிப்ரவரி 6, வெள்ளி

தலைவலி. லீவு போட்டேன். தலைவலி இல்லை.

பிப்ரவரி 9, திங்கள்

பெனிட்டா சும்மா இருக்கிறவளா? பழைய அட்லாண்டிக் அலாரங்களையெல்லாம் எடுத்து என் "விதி"யைப் பொருத்திப் பார்த்து, குழுக் கூட்டத்தில் படம் காட்டிவிட்டாள். இரைச்சல் என்று தள்ளியதெல்லாம் விதிக்குச் சரியாகப் பொருந்துகிறதாம். பொருந்தாமல் என்ன செய்யும்? எல்லையில் வந்ததெல்லாம் சாய்ந்துதானே இருக்கும், இரைச்சலும் சரி, வெடிப்பும் சரி.

அருணகிரி சார் குளிர்ந்துபோனார். "அருமை வடிவு! இத்தனை நாள் மனசுக்குள்ளயே வச்சுட்டிருந்தீங்களா? டியூட்டிக் கையேட்டுல சேத்துருவோம். லியாகத், இதை அகலுக்கே அனுப்பிட முடியுமா? அதுவாவே தள்ளிட்டா நமக்கு அலாரம் மிச்சம்." லியாகத் பதினேழாம் தேதி மத்தியானச் சுற்றில் ஏற்றுவதாகச் சொன்னார்.

கை தட்டினார்கள். நான் சிரித்தேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தேன் என்று தெரியவில்லை.

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது பெனிட்டா மெதுவாக, "அக்கா, ஊர்ல ஒரு காலேஜ்ல ஃபிசிக்ஸ் டிபார்ட்மென்ட்ல ஆள் கேட்டிருக்காங்க. அப்ளிகேஷன் போட்டுட்டேன். சார்கிட்ட இன்னும் சொல்லல" என்றாள்.

"ஆராய்ச்சி?"

"எனக்குக் கண்ணு இல்லக்கா. கண் முன்னால வந்ததை எனக்குப் பாக்கத் தெரியல. வெடிப்புன்னு நெனச்சேன், அதுவும் தப்பான காரணத்துக்காக நெனச்சிருக்கேன். பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கதுதான் எனக்குச் சரி."

போகாதேடி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "யோசிச்சு முடிவு பண்ணு" என்றேன், பெரிய மனுஷி மாதிரி.

பிப்ரவரி 12, வியாழன்

கேஸ் சிலிண்டர் வந்தது. இன்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி 14, சனி

இவர் சாப்பிட்டுக்கொண்டே, "உங்க ஆபீஸ் விஷயம் என்னாச்சு? அந்தத் தூத்துக்குடிப் பிள்ளை ஏன் ஒரு மாதிரியா இருக்கு? கடைத்தெருவுல பாத்தேன், முகமே சரியில்ல" என்று கேட்டார். ரொம்ப நாள் கழித்து யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்திருக்கிறேன் போல. கொட்டிவிட்டேன். வெடிப்பு, விதி, காலேஜ் வேலை, எல்லாம்.

இவர் சோற்றில் கை வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது.

"அது பால் பொங்கின நேரமா?"

"ம்."

"அப்பம் நான் அமுக்குனதுல்லா அது?"

சரி. எழுதிவிடுகிறேன். இதைக்கூட எழுதாவிட்டால் இந்த நோட்டு எதற்கு?

போன் இவர் சட்டைப் பையில் இருந்தது. என் இரண்டு கையிலும் கரித்துணி. அலாரம் அடித்ததும் இவர் எடுத்துப் பார்த்து, "வடிவு, அட்லாண்டிக்!" என்று கத்தினார். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குலவைச் சத்தத்துக்கு மேலே, "ரெண்டை அமுக்குங்க!" என்று நானும் கத்தினேன். அமுக்கிவிட்டு மறுபடியும் பையில் போட்டுக்கொண்டார். நாத்தனார் பாலை ஊற்றிக் கொடுத்தாள், குடித்தோம்.

நான் பார்க்கவில்லை. சின்னத் திரையில் பார்க்கவில்லை, கண்ணாடி இல்லாமல் பார்க்கவில்லை, புகையில் பார்க்கவில்லை. பார்க்கவே இல்லை.

"நான் வந்து உங்க சார்கிட்டச் சொல்லட்டுமா? தெரியாம அமுக்கிட்டேன்னு?" என்றார் இவர். பாவி மனுஷன், நிஜமாகவே சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிடுவார். உங்கள்மேல் ஒரு தப்பும் இல்லை என்றேன். அப்புறம் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

பிப்ரவரி 16, திங்கள்

நாளை மத்தியானம் விதியை ஏற்றுகிறார்கள். அதற்கப்புறம் எல்லையில் எந்த வெடிப்பு வந்தாலும் அகல் யாரிடமும் கேட்காமல் தள்ளிவிடும். காலையிலேயே போய்ச் சொல்ல வேண்டும். முதலில் பெனிட்டாவிடம்.

குளிக்கும்போது ஒத்திகை பார்த்தேன். "ஒரு சின்ன விஷயம்" என்று ஆரம்பித்தது. தூ!

பிப்ரவரி 17, செவ்வாய்

காலையில் சொல்லவில்லை. ஆய்வகத்தில் நாலு பேர் இருந்தார்கள். பதினோரு மணிக்கும் சொல்லவில்லை. சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் கிளம்பியதும் உள்ளே போனேன். இந்த வாரம் டியூட்டி பெனிட்டாவுக்கு. இரண்டாவது ஆள் அருணகிரி சார்.

"வாங்கக்கா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். "காலேஜ்லேர்ந்து கூப்பிட்டுட்டாங்க. அடுத்த வாரம் இன்டர்வியூ."

"பெனிட்டா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று வாயைத் திறந்தேன். அலாரம் அடித்தது. அட்லாண்டிக்.

நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை. அவள் திறந்தாள். பெரிய திரையில் போட்டாள். செங்குத்தான ஏற்றம், முள் முள்ளாக இறக்கம். போன மாசத்து அளவுக்குப் பெரியது இல்லை, ஆனால் நோஞ்சானும் இல்லை.

அவள் ஸ்கேலைத் திரைமேல் வைத்துப் பார்த்தாள். என் விதியை அளக்கிறாள்.

"அடித்தளம் சாஞ்சிருக்கு. நீங்க சொன்ன அதே மாதிரி. இரைச்சல்தானேக்கா?" விரல் இரண்டுக்கு மேல் இருந்தது. என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். பாடத்தைச் சரியாகச் சொல்லிவிட்ட பிள்ளைச் சிரிப்பு.

"ஏட்டி, அமுக்காத!"

கையை எடுத்துக்கொண்டாள்.

"அது விதியே இல்ல. நான் கட்டிவிட்டது. எல்லையில எல்லாமே சாஞ்சுதான் இருக்கும். நீ அன்னைக்குக் கேட்டப்போ சொல்லதுக்கு ஒண்ணும் இல்லாம வாய்க்கு வந்ததைச் சொன்னேன்."

"புரியலக்கா. அப்பம் அன்னைக்கு எதை வச்சு ரெண்டு போட்டீங்க?"

"நான் பாக்கல."

"சின்னத் திரையில சரியா..."

"பாக்கவே இல்ல பெனிட்டா. போன் எங்கிட்டயே இல்ல. நான் அடுப்படியில நின்னுக்கிட்டு அமுக்கச் சொன்னேன், எங்க வீட்டுக்காரர் அமுக்குனாரு."

"அண்ணனா?"

"அவருக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான். உன் வெடிப்பை நான்தான் தொலைச்சேன். அதுக்கு மேல உன்னையும் முட்டாளாக்கினேன்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பம் அன்னைக்கு நான் பாத்தது சரிதானா?" என்றாள்.

"சரிதான்."

"செங்குத்தா இருக்கு, வெடிப்புன்னு நான் நெனச்சது?"

"நீ ஒருத்திதான் பாத்த. பாத்தது சரி."

முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதாள். தேம்பித் தேம்பி. வெடிப்பு போனதற்குக்கூட இவள் இப்படி அழவில்லை. இத்தனை நாளும் நான் அவள் டேட்டாவைத் தொலைத்ததற்காகத்தான் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். அவளிடமிருந்து நான் பிடுங்கியது அது இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. தோளைத் தொடக் கையை நீட்டினேன். நகர்ந்துகொண்டாள்.

துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தாள். திரையை இன்னொரு தடவை, மேலிருந்து கீழாக நிதானமாகப் பார்த்தாள். ஸ்கேலை எடுத்துக் கீழே போட்டாள். ஒன்றை அமுக்கினாள்.

"கொஞ்சம் வெளியில இருங்க" என்றாள். "எனக்குத் தனியாப் பாக்கணும்."

அக்கா என்று சொல்லவில்லை.

வராந்தாவில் தண்ணீர் மெஷின் பக்கத்தில் நின்று லியாகத்தைக் கூப்பிட்டேன். அந்த விதியை ஏற்ற வேண்டாம், அது தப்பு என்றேன். "யாருங்க மேடம் சொன்னது?" என்றார். "நான்தான். அதைக் கட்டிவிட்டதும் நான்தான்." அருணகிரி சாரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன், இவர் அமுக்கியது உட்பட. அவர், "இப்ப ஒரு அட்லாண்டிக் வந்துச்சே... இருங்க, நான் இன்னும் அதைத் திறந்து பாக்கல" என்று அவசரமாகப் போனை வைத்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் என் மொபைலுக்கு அறிவிப்பு வந்தது. உலகத்தில் இருக்கிற எல்லாத் தொலைநோக்கிக்காரர்களுக்கும் போகிற அறிவிப்பு, எனக்கும் வந்தது. அகல் ஒரு காமா வெடிப்பைக் கண்டிருக்கிறது, திசை இன்னது, விவரம் முழுதும் பூட்டப்பட்டிருக்கிறது. கீழே, கண்டவர்: பெனிட்டா ரொட்ரிகோ.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதாகப் படித்தேன். உள்ளே அவள் யாரிடமோ போனில் வேகமாகப் பேசுகிற சத்தம் கேட்டது. கதவைத் தட்டலாமா என்று கையைத் தூக்கினேன். எந்த யோக்கியதையில் தட்டுவது? அவள் கூப்பிடவில்லை. சாயங்காலம் வரை அங்கேயே நின்றேன்.